நேபாள யாத்திரைக் குழுவும் நிலநடுக்கமும்: அழைத்துச் செல்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2023 நவம்பர் 3, இரவு 11:47. என்னோடு முக்திநாத் யாத்திரைக்கு வந்திருந்த 34 பேரும் போக்ராவில் ஒரு ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மேற்கே ஜாஜர்கோட் மாவட்டத்தில் நிலம் குலுங்கியது. அங்கே 150க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எங்கள் ஹோட்டலில் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை. ஆனால் பயந்து இருட்டில் படியிறங்கி ஓடிய ஓர் அம்மா கடைசிப் படியைத் தவறவிட்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். 34 சரியாக வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த 34 பேரில் ஒருவர் வேறு குழுவைச் சேர்ந்தவர் என்று. எங்கள் மாமி ஒருவர் மூன்றாம் மாடிக் குளியலறையில், பதற்றத்தில் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அந்த இரவுக்குப் பிறகு என் வேலை முறையை அடியிலிருந்து மாற்றிக்கொண்டேன். நிலம் ஆடும் அந்தச் சில நொடிகளில் குழுத் தலைவரால் தன் தலையைத் தவிர வேறு எவர் தலையையும் காக்க முடியாது. மற்றவர்களுக்காக அவர் செய்யக்கூடியது எல்லாம் அதற்கு முன்பும் பின்பும்தான் இருக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை அதையொட்டியே அமைந்தது, வரிசையை மாற்றாதீர்கள்.

1. போகும் இடத்தின் அபாயத்தை முதலில் படியுங்கள்

ஹோட்டல், பாதை, நாட்கள் எல்லாம் இதைப் பொறுத்தே முடிவாக வேண்டும். அதனால்தான் இது முதல் படி. புதியவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டிலிருந்து தொடங்கிவிட்டு இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

இந்திய நிலத்தட்டு இமயமலைக்கு அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. அளவுக்கு நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த நெருக்கம் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விடுபடும்போது நிலம் நடுங்குகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்கா மாவட்டத்தின் பார்ப்பாக் பகுதியில் தொடங்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள்.

“அப்போதே போக்ராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாதுகாப்பான ஊர்” என்று உள்ளூர் ஏஜென்டுகள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இது தவறான கணக்கு. அன்று பிளவு பார்ப்பாக்கிலிருந்து கிழக்கே, காட்மாண்டு பக்கமாக ஓடியது. மேற்கே இருந்த போக்ரா தப்பியது. மேற்குப் பக்கத்து நெருக்கம் இன்னும் விடுபடவில்லை; 1505க்குப் பிறகு அந்த நெடும்பகுதியில் மிகப் பெரிய நிலநடுக்கம் எதுவும் வரவில்லை. போக்ராவிலும் அதற்கு அப்பாலும் காட்மாண்டுவில் இருக்கும் அளவுக்கே கவனமாக இருங்கள்.

இரண்டாவதாக, நிலநடுக்கத்தின் அளவு வேறு, நீங்கள் நிற்கும் இடத்தில் உணரும் தீவிரம் வேறு. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஆனால் உங்கள் குழுவுக்கு என்ன ஆகும் என்பதைத் தூரமும் மண்ணும் கட்டடமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. காட்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு பழைய ஏரிப் படுகை. அடியில் ஆழமான மென்மண் இருப்பதால் அது மெதுவான, நீண்ட ஆட்டத்தைப் பெருக்கிவிடுகிறது. அத்தகைய ஆட்டம் உயரமான கட்டடங்களையே அதிகம் அசைக்கும். 2015இல் உயரமான தரஹரா கோபுரம் சரிந்தபோது நகரத்தில் பல சிறிய வீடுகள் நின்றன. “சிறிய கட்டடம் ஆபத்து, பெரிய கட்டடம் உறுதி” என்ற பொதுப்புத்தி அங்கே செல்லாது. அதே வேளையில், ஜாஜர்கோட்டில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சிறிய வீடுகள்தான் தூங்கியவர்கள்மேல் விழுந்தன. உயரத்தைப் பார்க்க வேண்டும், எதனால் கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆபத்து மலையிலிருந்து வருவது. 2015இல் லாங்டாங் கிராமத்தைப் பனியும் பாறையும் சரிந்து மூடின. நம் யாத்திரைப் பாதைக்கு நேரடியாகப் பொருந்தும் நிகழ்ச்சி ஒரு மாதம் கழித்து நடந்தது. மே 24 அன்று மியாக்தி மாவட்டத்தில் மலைச்சரிவு காளி கண்டகி ஆற்றையே மறித்தது. நீர் தேங்கித் தேங்கி மறுபடி உடைத்துக்கொண்டு ஓட ஏறத்தாழ 15 மணி நேரம் ஆயிற்று. கீழே இருந்த மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். இது எந்தப் பயண அட்டவணையிலும் இருக்காது. உங்கள் மனத்தில் இருக்க வேண்டும்.

2. ஆட்களின் பட்டியலை எழுதுங்கள்

பணம் வசூலிக்கும் பட்டியல் போதாது. நான் வைத்திருப்பது தாளில் அச்சிட்டது, மூன்று பிரதி: ஒன்று என் சட்டைப்பையில், ஒன்று துணைத் தலைவரிடம், ஒன்று ஊரில் இருக்கும் ஒருவரிடம். செல்போனில் மட்டும் வைத்தால், பேட்டரி தீர்ந்த நேரத்தில் அது இல்லாததற்குச் சமம்.

ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டியவை: பெயர், வயது, அடையாள ஆவண எண், இரத்த வகை, அன்றாட மாத்திரைகள், ஒவ்வாமை, ஊரில் அழைக்க வேண்டிய உறவினரின் எண், நடக்க உதவி தேவையா, காது மந்தமா. கடைசி இரண்டையும் கேட்கக் கூச்சப்படாதீர்கள். காது கருவியைக் கழற்றிவைத்துத் தூங்கும் பெரியவருக்கு நீங்கள் போடும் எந்தச் சத்தமும் எட்டாது. அவரோடு யார் தங்குகிறார் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பிறகு குழுவை ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர் போடுங்கள். 34 பேரை ஒருவர் கணக்கெடுப்பதைவிட, ஆறு பேர் தலா ஐந்தாறு முகங்களைத் தேடுவது வேகமானது, பிழை குறைவானது. கணவன் மனைவியை ஒரே பிரிவில் வையுங்கள். பிரித்தால் ஆட்டம் நின்றதும் இருவரும் ஒருவரையொருவர் தேடி உள்ளே ஓடுவார்கள்.

ஊரில் ஒருவரைத் தொடர்பு ஆளாக ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் அவருக்கு ஒரே செய்தி அனுப்ப, அவர் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வார். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் 34 குடும்பங்களும் உங்களையே அழைக்கும். நீங்கள் வேலை செய்ய வேண்டிய நேரம் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

இங்கே வரும் தவறு: விமானத்தில் நேபாளம் செல்லக் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ தேவை என்று தெரிந்து வாங்கிவைத்துவிட்டு, அங்கே போனதும் எல்லார் ஆவணங்களையும் ஒரே பையில் போட்டு வரவேற்பறை அலமாரியில் பூட்டிவிடுவது. கட்டடத்துக்குள் போக முடியாமல் போனால் 34 பேரும் அடையாளமற்றவர்கள் ஆவார்கள். பதிவு முடிந்ததும் அவரவர் ஆவணம் அவரவர் உடம்போடு இருக்க வேண்டும்.

3. தங்குமிடத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள்

படத்தில் அறையை மட்டும் பார்த்து முன்பதிவு செய்யாதீர்கள். தெருவிலிருந்து எடுத்த கட்டடத்தின் முழுப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

அந்தப் படத்தில் நான் முதலில் பார்ப்பது கீழ்த்தளம். மேலே நாலு மாடி அறைகள், கீழே சுவரே இல்லாமல் கார் நிறுத்தமோ ஷட்டர் கடைகளோ மட்டும் இருந்தால் அதை விட்டுவிடுவேன். பக்கவாட்டில் ஆடும்போது சுவரில்லாத அந்தத் தளம்தான் முதலில் மடங்கும்; மேலே உள்ளது அப்படியே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, மேலே இருந்து விழக்கூடியவை: மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், அதன் மேல் வரிசையாக வைத்த பூந்தொட்டிகள், தண்ணீர்த் தொட்டி, விளம்பரப் பலகை. முக்திநாத் இருக்கும் முஸ்தாங் பக்கம் கல்வீடுகளின் கூரை விளிம்பில் விறகை அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அழகு, அதன் நேர் கீழே ஒருபோதும் நின்று காலை வெயில் காயாதீர்கள்.

மூன்றாவது, வாசலுக்கு வெளியே திறந்த இடம் இருக்கிறதா என்பது. காட்மாண்டுவில் பழைய நகரச் சந்துகள் இரண்டு ஆள் அகலம்தான். அங்கே ஹோட்டல் மலிவு. ஆனால் வெளியே ஓடினால் செங்கல் மழைக்குள்தான் ஓடுவீர்கள். நூறு அடி தூரத்தில் மைதானமோ அகலச் சாலையோ இருக்கும் இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். அது வீண் செலவு இல்லை.

முதியவர்களுக்கு இரண்டாம் மாடிக்கு மேல் அறை வேண்டாம். ஆட்டத்துக்குப் பின் லிஃப்டில் ஏறக்கூடாது. முட்டி வலி உள்ளவர் இருட்டில் இறங்க வேண்டிய படிகளின் எண்ணிக்கைதான் இங்கே கணக்கு. முடிந்தவரை ஒரு பிரிவை ஒரே தளத்தில் வையுங்கள்.

4. பையில் வைக்க வேண்டியவை

இதில் நீளமாகப் போக வேண்டியதில்லை. ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு சிறிய துணிப்பை: டார்ச், விசில், ஒரு லிட்டர் தண்ணீர், மூன்று நாளுக்கான மாத்திரை, மூக்குக் கண்ணாடி, ஆவணம், கொஞ்சம் நேபாள ரூபாய். மாத்திரை இப்படி மூன்று நாளுக்குக் கையில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், முக்திநாத் போகும் வழியில் உள்ள ஜோம்சோம். அங்கிருந்து விமானங்கள் காற்று எழுமுன் காலையில் மட்டுமே பறக்கும். சாலையும் அடைபட்டால் நீங்கள் அங்கேயே நிற்பீர்கள்.

மிக முக்கியமான பொருள் செருப்பு. கட்டிலுக்கு அடியில், கால் வைக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். நம் மக்கள் பழக்கத்தால் அறை வாசலுக்கு வெளியே கழற்றிவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்த தரையில் இருட்டில் வெறுங்காலோடு நடப்பவர் அதற்குப் பின் நடக்க முடியாத ஆளாகிவிடுவார். அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

தலைவரின் பையில் கூடுதலாக முதலுதவிப் பொருட்கள், பவர் பேங்க், உள்ளூர் சிம் போட்ட செல்போன், சாக்பீஸ். சாக்பீஸ் எதற்கு என்பது ஏழாம் படியில்.

5. முதல் நாளே பத்து நிமிடம் பேசி, ஒரு முறை செய்து பாருங்கள்

காட்மாண்டுவில் இறங்கிய அன்று மாலை, இரவு உணவுக்கு முன். பிறகு என்று தள்ளிப்போட்டால் அது நடக்கவே நடக்காது. தரிசனம், கடைவீதி, களைப்பு என்று ஒவ்வொன்றாக வரும்.

“புண்ணிய யாத்திரையில் இது என்ன அபசகுனமான பேச்சு?” என்று யாராவது கேட்பார்கள். கோபப்படாதீர்கள். “பஸ்ஸில் ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்று பார்த்துத்தானே ஏறினோம் மாமா, அதுபோலத்தான்” என்று சொல்வேன். பயமுறுத்தும் படங்களைக் காட்டக்கூடாது. பயந்தவர்கள் நினைவில் நிற்பது பயம் மட்டும்தான். செய்ய வேண்டியது நிற்காது.

நான் சொல்லிக்கொடுப்பது மூன்று சொற்கள்: குனி, ஒண்டு, பிடி. குனிந்து தரையோடு உட்கார். மேசைக்கு அடியில் ஒண்டு. மேசைக் காலைப் பிடித்துக்கொள், அது நகர்ந்தால் கூடவே நகர். எல்லாரையும் ஒரு முறை செய்ய வைக்கிறேன். அப்போதுதான் முட்டி மடக்க முடியாதவர்கள் யார் என்பது தெரியும். அவர்களுக்கு வேறு வழி: உள்சுவரை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முன்னே குனிந்து, பையாலோ தலையணையாலோ தலையையும் பிடரியையும் மூடிக்கொள்வது. சக்கர நாற்காலி என்றால் முதலில் பிரேக்கைப் போட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பிரிவும் தன் அறையிலிருந்து படி வழியாக இறங்கிக் கூடும் இடம் வரை நடந்து பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. “எதிரே உள்ள மைதானம்” என்று சொன்னபோது ஒரு பிரிவு கோயில் குளத்தடிக்கும் மற்றொன்று பஸ் நிறுத்தத்துக்கும் போனதை நேரில் பார்த்தேன். ஒவ்வொரு ஊரிலும் ஹோட்டல் மாறும்போதெல்லாம் இந்த நடையை மறுபடி நடக்க வேண்டும், ஐந்து நிமிடம்தான்.

குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். முதியவர்கள் உள்ளே தாழிடாமல் இருந்தாலே நல்லது.

6. நிலம் ஆடும்போது: எங்கே இருந்தால் என்ன செய்வது

பொது விதி ஒன்று: ஆடும்போது ஓடாதே, இருக்கும் இடத்திலேயே ஒண்டு. ஆட்டத்தில் நேராக நடக்கவே முடியாது. படியிலும் வாசலிலும்தான் அதிகம் விழுகிறார்கள், வாசலுக்கு வெளியேதான் செங்கல் அதிகம் விழுகிறது. விதிவிலக்கும் உண்டு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீட்டின் தரைத்தளத்தில், திறந்த வெளிக்குப் போகும் வாசலுக்கு இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில் இருந்தால் மட்டும் உடனே வெளியேறிச் சுவரை விட்டு விலகலாம். நிலைவாசலின் அடியில் நிற்பது பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கையை மறந்துவிடச் சொல்லுங்கள்; இன்றைய வாசல்கள் சுவரைவிட உறுதியானவை அல்ல, ஆடும் கதவு விரலை நசுக்கும்.

படுக்கையில் இருந்தால் படுக்கையிலேயே இருங்கள். குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். எழுந்து ஓடுபவர்தான் கண்ணாடியை மிதிக்கிறார்.

லிஃப்டில் இருந்தால் எல்லாத் தளங்களின் பொத்தானையும் அழுத்தி, முதலில் நிற்கும் தளத்தில் இறங்கிவிடுங்கள்.

சமையலறை தனிக் கவனத்துக்கு உரியது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பல குழுக்கள் சமையல்காரர்களையும் உடன் அழைத்து வருகின்றன. சிறிய இடத்தில் பெரிய அடுப்பு, கொதிக்கும் சாம்பார் அண்டா, எண்ணெய்ச் சட்டி. அடுப்புத் திருகு கைக்கு எட்டினால் ஒரு திருப்பில் அணைத்துவிட்டு விலகட்டும்; எட்டாவிட்டால் அண்டாவை விட்டு விலகுவதே முதல் வேலை. அண்டாவைப் பிடித்து நிறுத்தப் போகக்கூடாது என்பதைச் சமையல்காரரிடம் நேராக, பெயர் சொல்லிச் சொல்லுங்கள். தன் கையால் செய்த சமையல் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தச் சமையல்காரருக்கும் மனம் வராது; கை தானாக நீளும். சிலிண்டரைச் சுவரோடு கயிற்றால் கட்டிவையுங்கள், சமையல் இடம் வெளியேறும் பாதையில் இருக்கக்கூடாது.

பக்தபூர், பாட்டன் போன்ற பழைய சதுக்கங்களில் செங்கல்லும் மரமும் சேர்ந்த கோயில்களின் மேடையில் உட்கார்ந்து இளைப்பாறுவது எல்லாரும் செய்வது. கட்டடத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி, சதுக்கத்தின் நடுவில் உட்காரப் பழக்குங்கள். சந்தில் நடக்கும்போது ஆடினால், சில எட்டில் முச்சந்தி இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் கான்கிரீட் தூண் உள்ள கடைக்குள் நுழைந்து தலையை மூடிக் குனியுங்கள். வெளிச்சுவரில் சாய்ந்து நிற்பதுதான் மிக மோசம்.

கோயிலுக்குள் கூட்டத்தில் இருந்தால் வாசலுக்கு முண்டாதீர்கள். உட்கார்ந்து, தலையை மூடி, ஆட்டம் நிற்கும்வரை இருங்கள். முக்திநாத்தில் 108 நீர்த்தாரைகளில் நீராடும்போது எல்லாரும் ஈரத்தோடும் வெறுங்காலோடும் இருப்பார்கள். அங்கே ஒருவர் உலர்ந்த துணிகளோடும் செருப்புகளோடும் திறந்த இடத்தில் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்கிறேன். ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் ஈரத்துணியோடு ஒரு மணி நேரம் வெளியே நிற்பது முதியவருக்கு நிலநடுக்கத்தைவிடக் கெடுதல் செய்யும்.

பஸ்ஸில் இருந்தால் ஓட்டுநர் மெதுவாக நிறுத்த வேண்டும். பாலம், மின்கம்பம், பாறைச் சரிவு ஆகியவற்றின் கீழே நிறுத்தக்கூடாது. எல்லாரும் உள்ளேயே குனிந்து இருக்க வேண்டும். மலைச்சாலையில் ஆட்டம் நின்ற பிறகும் கல் உருளும். மேலே பாருங்கள், புதுக்கல் விழுந்த தடம் தெரிந்தால் இறங்காமல் திறந்த வளைவு வரை வண்டியை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். ஓட்டுநரோடு இதை முதல் நாளே பேசியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் மொழியும் புரியாது.

பெருமாளாக வழிபடும் சாளக்கிராமக் கல்லைத் தேடிக் காளி கண்டகிப் படுகையில் இறங்கியிருக்கும்போது ஆடினால், ஆட்டம் நின்ற உடனே மேட்டுக்கு ஏறுங்கள். அதன் பிறகு ஆற்றில் நீர் திடீரென்று குறைந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. மேலே எங்கோ சரிவு ஆற்றை மறித்திருக்கலாம். அடைப்பு உடையும்போது வரும் வெள்ளத்துக்கு முன் ஓட முடியாது.

7. ஆட்டம் நின்ற முதல் பத்து நிமிடம்

வரிசை இதுதான், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் உங்களையே பாருங்கள்: இரத்தம், தலைச்சுற்றல். பிறகு செருப்பு, டார்ச். தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ வேண்டாம், எரிவாயு கசிந்திருக்கலாம். கதவைத் திறந்து நீண்ட விசில் ஒன்று ஊதுங்கள். அது “இறங்கு” என்பதற்கு அடையாளம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வகை விசில் போதும்: நீண்டது ஒன்று “இறங்கு”, குறுகியது மூன்று “நான் சிக்கிக்கொண்டேன்”. இதற்கு மேல் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது.

பிரிவுப் பொறுப்பாளர்கள் இறங்கும் வழியில் தங்கள் ஆட்களின் அறைக் கதவுகளைத் தட்டி, உள்ளே யாரும் இல்லை என்று கண்ட கதவில் சாக்பீஸால் ஒரு குறுக்குக்கோடு போட வேண்டும். மீட்க வருபவர் அதே அறையை இரண்டாம் முறை தேட மாட்டார். கட்டடம் சாய்ந்திருந்தாலோ படியில் விரிசல் இருந்தாலோ இதை விட்டுவிட்டு நேரே இறங்க வேண்டும்.

படி வழியாக, சுவர்ப் பக்கம் கை வைத்து, வரிசையாக, ஓடாமல். சமையலறைப் பொறுப்பாளர் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவார். வாசலைத் தாண்டும் முன் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு வேகமாக வெளிப்பகுதிக்கு.

இனி கணக்கெடுப்பு. தலையை எண்ணாதீர்கள், பெயரைக் கூப்பிடுங்கள். பட்டியலைக் கையில் வைத்து, ஒவ்வொருவரும் “இருக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே டிக் போடுங்கள். மனைவிக்காகக் கணவர் பதில் சொன்னால் ஏற்காதீர்கள். “இப்போதுதான் பார்த்தேன்” என்ற சொல்லையும் ஏற்காதீர்கள். போக்ராவில் நான் கற்ற பாடம் இது.

ஒருவர் குறைந்தால், நீங்களே உள்ளே ஓடாதீர்கள். கடைசியாக எங்கே, யாரோடு இருந்தார் என்று அவர் பிரிவில் கேளுங்கள், செல்போனில் அழையுங்கள், ஹோட்டல் ஊழியர்களிடமும் மீட்புக் குழுவிடமும் அறை எண்ணைச் சொல்லுங்கள். தலைவர் உள்ளே சிக்கினால் வெளியே இருக்கும் 33 பேருக்கு யாரும் இல்லை.

8. அதன் பிறகு, முதல் இரவு வரை

காயங்களைப் பாருங்கள். முறிந்த கையை அசையாமல் வைக்க ஒரு குடையும் இரண்டு துண்டும் போதும்: குடையை முழங்கை முதல் விரல் வரை பக்கத்தில் வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் கட்ட வேண்டும்; முறிந்த இடத்தின் மேலேயே கட்டக்கூடாது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, உடனடி ஆபத்து இல்லாவிட்டால், நகர்த்தாதீர்கள். நேபாளத்தில் ஆம்புலன்ஸ் 102, போலீஸ் 100, தீயணைப்பு 101, சுற்றுலாப் போலீஸ் 1144.

பிறகு ஊரில் உள்ள தொடர்பு ஆளுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். பெரிய ஆட்டத்துக்குப் பின் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயல்வதால் அழைப்பு கிடைக்காது. குறுஞ்செய்தி மெதுவாகவேனும் போய்ச் சேரும். இடம், நேரம், எத்தனை பேர் நலம், யாருக்குக் காயம், அடுத்த செய்தி எப்போது: இவ்வளவும் இரண்டே வரியில். நேரத்தை எழுதும்போது நேபாள நேரமா இந்திய நேரமா என்று குறிப்பிடுங்கள். நேபாளம் 15 நிமிடம் முன்னால் இருக்கிறது.

இப்போது உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவர ஒருவர் அனுமதி கேட்பார். பெரும்பாலும் பெருமாள் விக்கிரகமோ தங்கமோ மாத்திரையோ இருக்கும். மனம் இளகும். ஆனாலும் விடக்கூடாது. 2015 ஏப்ரல் 25 அன்று முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 6.6 அளவில் ஒன்றும், மறுநாள் 6.7 அளவில் ஒன்றும் வந்தன. 17 நாள் கழித்து மே 12 அன்று 7.3. ஏற்கெனவே விரிசல் கண்ட கட்டடத்துக்கு இரண்டாவது ஆட்டம் சிறியதாக இருந்தாலே போதும். தலைமாட்டுப் பை எதற்கு என்று முதல் நாள் கேட்டவர்களுக்கு அப்போது புரியும்.

இரவை வெளியில் கழிக்க வேண்டியிருந்தால், குளிர்தான் அடுத்த எதிரி. பஸ் இருந்தால் முதியவர்களையும் காயம்பட்டவர்களையும் அதில் உட்கார வையுங்கள். திறந்த இடத்தில் நிற்கும் பஸ் நல்ல தங்குமிடம். ஒவ்வொருவரும் இரவு மாத்திரையைச் சாப்பிட்டார்களா என்று பொறுப்பாளர்கள் கேட்டுப் பார்க்கட்டும். பதற்றத்தில் சர்க்கரை மருந்தை மறப்பவர்கள் அநேகம். ஒன்றும் சாப்பிடாமல் மருந்தை மட்டும் போடுபவர்களும் உண்டு, அது இன்னும் ஆபத்து. கழிவறைக்கு இருவராகவே போகச் சொல்லுங்கள்.

நள்ளிரவுக்குள் யாராவது ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார்: “அதிகாலை 2 மணிக்கு இதைவிடப் பெரியது வருகிறதாம்.” நாளும் மணியும் குறித்து நிலநடுக்கத்தை முன்னறிவிக்க உலகில் யாராலும் முடியாது. எனவே மணி குறித்து வரும் எந்தச் செய்தியும் பொய். அதை உரக்க, எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். பின்னதிர்வுகள் வரக்கூடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த ஆட்டத்தில் உங்கள் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

9. தொடர்வதா, திரும்புவதா

விடிந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: ஆட்டத்தின் மையம் எங்கே, முன்னே உள்ள சாலை திறந்திருக்கிறதா, தங்கப்போகும் கட்டடத்தை யாராவது பார்த்தார்களா, மருத்துவமனை எவ்வளவு தூரம், காயம்பட்டவர்கள் பயணத்தைத் தாங்குவார்களா. மையம் தொலைவில், எதிலும் சேதம் இல்லை என்றால் ஒரு நாள் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் தொடரலாம். இவற்றில் ஒன்றுக்காவது சரியான பதில் கிடைக்காவிட்டால் மலைப்பாதையில் மேலே போகாதீர்கள். பெனியிலிருந்து ஜோம்சோம் வரை உள்ள சாலை ஆற்றை ஒட்டிச் செங்குத்தான சரிவுகளுக்கு அடியில் போகிறது. ஆட்டத்தில் தளர்ந்த மலை அடுத்த மழையில் சரியும்.

“இவ்வளவு தூரம் வந்துவிட்டு சேவிக்காமல் திரும்புவதா?” என்று கண்ணீரோடு கேட்டவர்களின் முகங்கள் எனக்கு மறக்கவில்லை. ஆழ்வார்கள் பாடிய தலம். பலருக்கு வாழ்நாளில் ஒரே முறை. அந்த வேண்டுதலின் கனம் உங்கள் முடிவை அசைக்கும் என்பதை முன்பே அறிந்து வைத்திருங்கள். அதனால்தான் பணம் வாங்கும்போதே “பாதுகாப்பு கருதி யாத்திரையை நிறுத்தும் முடிவு தலைவருடையது” என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிடுகிறேன்.

திரும்புவதென்றால், எல்லாரும் காட்மாண்டு விமான நிலையத்துக்கு ஓடுவார்கள். அங்கே சர்வதேச விமானங்களுக்கு ஒரே ஓடுபாதை; 2015இல் நெரிசலும் ஓடுபாதைச் சேதமும் சேர்ந்து பெரிய விமானங்களையே கட்டுப்படுத்த வேண்டிவந்தது. போக்ராவில் இருந்தால் தெற்கே பைரஹவா வழியாகச் சுனௌலி எல்லைக்கு வந்து கோரக்பூர் போவது பலமுறை எளிதாக இருக்கும். காட்மாண்டுவிலிருந்து ரக்சௌல் எல்லை. இரண்டு வழிகளின் சாலை நிலையையும் போலீஸிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள், பகலில் மட்டும். காட்மாண்டு லைன்சௌரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு உங்கள் பட்டியலை அனுப்பிவிடுங்கள். 2015இல் இந்திய விமானப்படையும் பஸ்களும் ஆட்களை அழைத்து வந்தபோது, பெயர்ப் பட்டியல் தயாராக இருந்த குழுக்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு பஸ் ஏற்றத்திலும், ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும், ரயில் மேடையிலும் பெயர் கூப்பிட்டே ஏறுங்கள். களைத்துப்போன குழு நிலநடுக்கத்தில் தொலைக்காத ஆளைக் கோரக்பூர் ரயில் நிலையத்தில் தொலைத்துவிடும்.

வீடு சேர்ந்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுங்கள். தலையில் அடிபட்டவருக்கு வாந்தியோ கடும் தலைவலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். தெருவில் லாரி போகும்போது அதிர்ந்து எழுந்து உட்காருவது சில வாரங்களுக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கம் வராதவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.